கடைசி இடம்

கனமானது வண்டியை ஒட்டி,
லேசானது வெளியே.
இதுதான் விதி என்கிறான் யோரிட்
ஸ்பானரைப் பல்லில் கடித்தபடி.

ஹார்லிங்கனில் விடிகாலை நாலரை.
கேம்பர்வேனின் முதுகில்
முதலில் அவனுடையது ஏறுகிறது,
பேட்டரியைக் கழற்றியும் இருபது கிலோ.
அடுத்து என்னுடையது.
கூடை இல்லாத அதை
எனக்கே அடையாளம் தெரியவில்லை.
மூன்றாவது வீபெயுடையது, தலைமாற்றித் திருப்பி,
அவன் ஹேண்டில் என் சைக்கிளின் விலாவில் இடிக்காதபடி
நடுவே ஒரு பழைய காலுறை.

கடைசி இடம் கடைக்குட்டிக்கு.
மஞ்சள் நிறம், பதினாறு அங்குலம்,
பக்கச் சக்கரங்களைக் கழற்றி
ஒன்பது நாள்தான் ஆகிறது.
உலகத்து லாரிகளுக்கெல்லாம் மிக அருகில்
எது போகவேண்டும் என்று
எடைதான் முடிவு செய்கிறது.

"இதுக்கு ஹெல்மெட் வேண்டாமா?" என்கிறாள் ஹிஸ்கெ.
யாரும் பதில் சொல்லவில்லை.
நல்ல கேள்விகளை அந்த நேரத்தில்
யாரும் விரும்புவதில்லை.

நூறைத் தாண்டாமல் ஓட்டுகிறேன்.
ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி
அவன் இறங்கிப் போய்
ஒவ்வொரு பட்டைக்கும் நாடி பிடித்துப் பார்க்கிறான்.
கண்ணாடியில் சைக்கிள்கள் தெரிவதில்லை.
தெரியாத அவற்றைத்தான்
ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.
முன்னால் இருக்கும் சாலை
தானாகவே போகிறது.

ஹாம்பர்க் தாண்டியதும்
ஒரு லாரி விளக்கை அடித்து அடித்து அணைத்தது.
பக்கத்தில் வந்து ஹாரன்.
உயரத்தில் ஒரு மீசை, ஒரு விரல்,
காற்றில் வட்டம் வட்டமாய்.
"நம்மைக் கிறுக்கு என்கிறார்" என்றான் யோரிட்.
"இல்லப்பா," என்றான் வீபெ,
"சக்கரம் என்கிறார்."

பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்திப் பின்னால் ஓடினோம்.
சட்டத்தைப் பிடித்த கொக்கி பிடித்தபடியே இருந்தது.
முன்சக்கரத்துப் பட்டை மட்டும்
அறுந்து நாக்காய்த் தொங்க,
போகிற லாரிகளின் காற்றில்
மஞ்சள் சைக்கிளின் சக்கரம்
சுற்றிக்கொண்டிருந்தது,
நிதானமாக, யாருக்கோ காத்திருப்பதுபோல.

ஹிஸ்கெ உதடு பிதுங்க அழுதாள்.
பயத்தில் என்று நினைத்தேன்.
"நான் இல்லாமல் ஓடியிருக்கு" என்றாள்.
"எவ்வளவு தூரம்?"
வீபெ கணக்குப் போட ஆரம்பித்தான்.
யோரிட் ஒரு திருகாணியைப் பார்த்துச் சொன்னான்:
"கடைசியாய் நிறுத்தினபோது என் கையால்தான் இறுக்கினேன்."
திருகாணி ஒன்றும் சொல்லவில்லை. நானும்.

உபரிப் பட்டை வீட்டில் இருக்கிறது,
சமையலறை மேசையில்,
மறக்கக்கூடாதவை பட்டியலுக்குப் பக்கத்தில்.

கருவிப்பெட்டியின் அடியில் கிடந்தது
பஞ்சராகி இரண்டு முறை ஒட்டிய ஒரு டியூப்.
இழுத்துச் சுற்றினோம். மூன்று முடிச்சு.
ஒவ்வொன்றிலும் என் விரலை வைத்து
அழுத்திக்கொள் என்றான், அழுத்தினேன்.
பதினோரு வருடத்தில்
இத்தனை சண்டையில்லாமல்
நாங்கள் சேர்ந்து எதையும் கட்டியதில்லை.

டென்மார்க்கின் மேற்குக் கரை. மணல்மேடு. உப்புக் காற்று.
இரவு ஒன்பதுக்கும் வெயில்.
இறக்கும்போது விதி திரும்பிக்கொள்கிறது:
கடைசியாய் ஏறியது முதலில்.
முடிச்சுகள் அவிழ மறுத்தன, கத்தியால் அறுத்தோம்.
எங்கள் மூன்றும் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து
இன்னும் பூட்டிலேயே கிடக்க,
மஞ்சள் மட்டும் தரையில்.

ஏறிவிட்டாள்.
இருக்கையைப் பிடிக்க நீண்ட யோரிட்டின் கை
இரண்டு அடி ஓடி நின்றுவிட்டது.
சரளைக்கல்லில் கரகரவென்று
கூடாரங்களைத் தாண்டி,
பாத்திரம் கழுவும் கொட்டகையைத் தாண்டி,
மணலில் ஒரு தள்ளாட்டம், மறுபடி நேராகி,
வளைவில் மறைந்தாள்.

"முந்நூறாவது இருக்கும்" என்றான் வீபெ,
இன்னும் அதே கணக்கில்.

அறுத்த டியூப் என் கையில்,
மூன்று முடிச்சும் அப்படியே.
குப்பைத்தொட்டி அந்தப் பக்கம் என்று
பக்கத்து வண்டிக்காரர் கைகாட்டினார்.
தலையாட்டிவிட்டு
ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டேன்.
திரும்பும் வழியிலும்
ஹாம்பர்க் இருக்கிறது.